பிளாக்ஜாக்: 75 சதவீத ஆழம் நல்லதா? எத்தனை கட்டு என்று கேளுங்கள்

21-ஐத் தாண்டாமல் டீலரை முந்தும் சீட்டாட்டம் பிளாக்ஜாக். ஒரு பிளாக்ஜாக் மேசை நல்லதா இல்லையா என்ற பேச்சு வந்தால், கலைப்பதற்கு முன் எத்தனை சதவீதச் சீட்டு வெளியே வருகிறது, அதாவது ஆழம் எவ்வளவு என்றுதான் முதலில் கேட்பார்கள். ஆறு கட்டு (ஒரு கட்டு 52 சீட்டு) மேசையில் 75 சதவீதம் என்றால் பரவாயில்லை என்பார்கள். இரண்டு கட்டு மேசையில் 50 சதவீதம் என்றால் உட்காராமலே போய்விடுவார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால், கலைக்கும் நேரத்தில் இரண்டு மேசையும் ஒரே இடத்தில்தான் நிற்கின்றன. கட்டுகளின் எண்ணிக்கையை விட்டுவிட்டுச் சதவீதத்தை மட்டும் ஒப்பிடுவது ஆட்டக்காரரைத் தவறான நாற்காலியில் உட்கார வைக்கும்.

ஆழம் முக்கியமாவது சீட்டு எண்ணுபவருக்கு. ஹை-லோ முறையில் 2 முதல் 6 வரை ஒவ்வொன்றுக்கும் +1. 7, 8, 9-க்குப் பூஜ்யம். பத்து, படச்சீட்டு, ஏஸ் ஆகியவற்றுக்கு −1. இந்தக் கூட்டுத்தொகை ரன்னிங் கவுன்ட். அதை இன்னும் பார்க்காத கட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ட்ரூ கவுன்ட். கவுன்ட் ஏறினால் மிச்சத்தில் ஆட்டக்காரருக்கு உதவும் பெரிய சீட்டுகள் அதிகம் என்று பொருள். ட்ரூ கவுன்ட் ஒரு புள்ளி ஏறினால் சாதகம் சுமார் 0.5 சதவீதம் ஆட்டக்காரர் பக்கம் நகரும். ஆறு கட்டு, டீலர் சாஃப்ட் 17-ல் (ஏஸை 11 என்று எண்ணி வரும் 17) மேலும் சீட்டு எடுக்காமல் நிற்கும் மேசையில் காசினோவின் தொடக்க சாதகம் ஏறத்தாழ 0.4 சதவீதம். ஆகவே +1-ல் ஏறக்குறைய சமம், +2-ல் ஆட்டக்காரர் முந்துகிறார், +3-ல் அவர் கையில் ஏறத்தாழ 1 சதவீதம் இருக்கிறது. பந்தயத்தைப் பெரிதாக்க வேண்டிய இடம் அது.

சீட்டு வெளியே வர வர ஆட்டக்காரரின் சராசரி வாய்ப்பு மாறாது, ஆனால் அதன் ஏற்ற இறக்கம் விரிந்துகொண்டே போகும். எட்வர்ட் தோர்ப்பும் வில்லியம் வால்டனும் 1973-ல் இதைக் கணித ரீதியாக நிரூபித்தார்கள். எந்த மேசை எவ்வளவு விரிய விடுகிறது என்பதுதான் ஒப்பிட வேண்டிய விஷயம்.

ஆறு கட்டு: பின்னால் ஒதுக்குவது ஒரு கட்டா, இரண்டு கட்டா?

ஆறு கட்டில் 312 சீட்டு. டீலர், கலைக்க வேண்டிய இடத்தைக் காட்டும் கட் கார்டைப் பின்னாலிருந்து இரண்டு கட்டு தள்ளிச் செருகினால் 208 சீட்டு ஆடப்படும், அதாவது 67 சதவீதம். ஒன்றரைக் கட்டு தள்ளினால் 234, 75 சதவீதம். ஒரே கட்டு என்றால் 260, 83 சதவீதம். சொல்லும்போது சின்ன வித்தியாசமாகத்தான் தெரியும்.

ட்ரூ கவுன்ட்டின் திட்ட விலக்கத்தை, அதாவது அது பூஜ்யத்திலிருந்து எவ்வளவு விரிகிறது என்ற அளவை, பாருங்கள். ஒரு கட்டு போனபின் 1.2. இரண்டு போனபின் 1.8. மூன்றுக்கு 2.6, நான்குக்கு 3.7, ஐந்துக்கு 5.8. இதை +3 அல்லது அதற்கு மேல் வரும் வாய்ப்பாக மாற்றினால், தோராயமாக முதல் கட்டின் முடிவில் நூற்றில் ஒன்றுகூட இல்லை. இரண்டாவதன் முடிவில் 5 சதவீதம், மூன்றாவதன் முடிவில் 12, நான்காவதன் முடிவில் 20, ஐந்தாவதன் முடிவில் 30. இவற்றைக் கூட்டிப் பார்த்தால், ஐந்தாவது கட்டு ஒன்றே தரும் நல்ல கைகள் முதல் நான்கு கட்டும் சேர்ந்து தருவதற்குக் கிட்டத்தட்டச் சமம். 67-க்கும் 83-க்கும் இடையிலுள்ள அந்த 52 சீட்டில்தான் இந்த ஆட்டத்தின் பெரும்பகுதி லாபம் இருக்கிறது. என் கணிப்பில், இரண்டு கட்டு ஒதுக்கும் ஆறு கட்டு மேசை பொறுமையைச் செலவழிக்கத் தகுந்ததல்ல.

காசினோ ஏன் ஆழமாக ஆட விட வேண்டும்? கலைக்கும் நேரத்தில் பந்தயம் நிற்கிறது, அதனால்தான். ஒரு கைக்குச் சராசரி 2.7 சீட்டு. ஏழு பேரும் டீலரும் ஆடினால் ஒரு சுற்றுக்கு 21 அல்லது 22 சீட்டு. 52 சீட்டு என்பது இரண்டரைச் சுற்றுக்குச் சற்றுக் குறைவு. கையால் கலைக்கும் மேசையில் இந்தச் சுற்றுகள் காசினோவுக்கு முக்கியம். ஒரு தொகுதி ஆட்டத்தில் இருக்கும்போதே இன்னொரு தொகுதியை இயந்திரம் கலைத்து வைக்கும் மேசையில் அந்த நெருக்கடி இல்லை. ஆகவே அங்கே கட் கார்டை முன்னால் நகர்த்துவது காசினோவுக்குச் சுலபம்.

இரண்டு கட்டு: 50 சதவீதத்தைக் குறைத்து மதிப்பிடாதீர்கள்

104 சீட்டில் 52 போனபின் விலக்கம் 4.5. ஆறு கட்டில் 234 போனபின்னும் அதே 4.5தான். இது தற்செயல் அல்ல. ஆடியதற்கும் மிச்சத்துக்கும் உள்ள விகிதத்தை மொத்தக் கட்டுகளால் வகுத்துப் பாருங்கள். விடை ஒன்றாக இருக்கும் மேசைகள் முடிவில் ஒரே விரிவைத் தரும். ஆறு கட்டில் முக்கால் பங்கு, இரண்டு கட்டில் அரைப் பங்கு, எட்டுக் கட்டில் ஐந்தில் நான்கு, ஒற்றைக் கட்டில் மூன்றில் ஒன்று: இவை நான்கும் சமம்.

முடிவில் சமம் என்றாலும் வழியில் இரண்டு கட்டுதான் முந்துகிறது. 26 சீட்டு போனதுமே, ஆறு கட்டில் பாதி தாண்டியபின் கிடைக்கும் விரிவு இங்கே கிடைத்துவிடும். வெறுமனே குறைந்த பந்தயம் வைத்துக் காத்திருக்கும் நேரம் குறைவு. 75 சதவீதம் வரை ஆட விட்டால் விலக்கம் 7.8-க்குப் போகும், பிளாக்ஜாக்குக்கு (முதல் இரண்டு சீட்டே ஏஸும் பத்து மதிப்புச் சீட்டுமாக வருவது) 2-க்கு 3 கொடுக்கும் மேசையாக இருந்தால் இதைவிட நல்லது தேட வேண்டியதில்லை. டீலர் சாஃப்ட் 17-ல் இன்னொரு சீட்டு எடுக்கும் விதி இருந்தால் 0.2 சதவீதம் போகும். ஆழம் கிடைக்கிறது என்றால் அந்த இழப்பைத் தாங்கலாம்.

கையில் பிடித்து ஆடும் இந்த மேசைகளில் ஒரு ஆபத்து உண்டு. கட் கார்டு இல்லாத இடத்தில் டீலர் நினைத்தபோது கலைக்கலாம். சின்னச் சீட்டுகள் நிறைய வந்தபின் கலைத்து, பெரிய சீட்டுகள் வந்தபின் தொடர்ந்து ஆட விட்டால், சராசரி ஆழம் 60 சதவீதமாக இருந்தாலும் பயனில்லை. நல்ல பகுதி ஆட்டத்துக்கே வராது. எண்ணத் தெரியாதவருக்கும் இது நஷ்டம்தான். மூன்று நான்கு கலைப்புகளைப் பக்கத்தில் நின்று பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

ஒற்றைக் கட்டு

இங்கே பல இடங்களில் "ஆறு விதி": சுற்றுகளையும் ஆட்டக்காரர்களையும் கூட்டினால் ஆறு வர வேண்டும். ஒருவர் என்றால் ஐந்து சுற்று, இருவர் என்றால் நான்கு, மூவர் என்றால் மூன்று, நால்வர் என்றால் இரண்டு. பார்க்க வேண்டியது கடைசிச் சுற்றின் பந்தயம் வைக்கும் நேரத்தில் எத்தனை சீட்டு வெளியே வந்திருக்கிறது என்பதை. தனியாக ஆடினால் நான்கு சுற்றுக்குப் பின் சுமார் 22. இருவருக்கு 24. மூவருக்கு மறுபடி 22. நான்காவது ஆள் உட்கார்ந்ததும் அது 13 அல்லது 14-க்கு விழுந்துவிடும். இரண்டு சுற்றில் ஒன்றுக்குத்தான் ஏதாவது தகவலே இருக்கும். நான்காவது ஆள் வந்தால் எழுந்துவிடுவது நல்லது.

பிளாக்ஜாக்குக்கு 5-க்கு 6 கொடுக்கும் ஒற்றைக் கட்டு மேசையைத் தள்ளிவிடுங்கள். அந்த ஒரு விதி காசினோவுக்குச் சுமார் 1.4 சதவீதம் கூட்டுகிறது; சமநிலைக்கு வரவே ட்ரூ கவுன்ட் மூன்றைத் தாண்ட வேண்டும். எண்ணுபவருக்குக் கிடைக்கும் லாபத்தில் நல்ல பங்கு பிளாக்ஜாக்கின் கூடுதல் தொகையிலிருந்துதான் வருகிறது. அதையே வெட்டியபின் எவ்வளவு ஆழம் கொடுத்தும் ஈடாகாது.

எட்டுக் கட்டு: அட்லாண்டிக் சிட்டி

சீட்டு எண்ணுகிறார் என்பதற்காக ஒருவரை வெளியேற்ற முடியாது என்று, சீட்டு எண்ணும் ஆட்டக்காரரான கென் அஸ்டன் தொடுத்த வழக்கில் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 1982-ல் தீர்ப்பளித்தது. நெவாடாவில் வெளியேற்றலாம். நியூ ஜெர்சியிலுள்ள காசினோ நகரமான அட்லாண்டிக் சிட்டியில் ஆளைத் தடுக்க முடியாததால் சீட்டையே தடுப்பாக்கினார்கள்: எட்டுக் கட்டு, முன்னால் தள்ளிய கட் கார்டு, வேண்டும்போது கலைக்கும் உரிமை.

416 சீட்டில் இரண்டு கட்டு ஒதுக்கினால் 75 சதவீதம், கடைசியில் விலக்கம் 3.9. ஆறு கட்டில் அதே இரண்டு கட்டு ஒதுக்கினால் 3.7. எண்ணைப் பார்த்து எட்டுக் கட்டு மேல் என்று நினைக்கக் கூடாது. அந்த இடத்துக்கு வர 312 சீட்டு ஆட வேண்டும், அதில் பாதிக்கு மேல் பயனற்ற நேரம். கவுன்ட் இறங்கினால் எழுந்துபோய் வேறு மேசையில் நடுவில் சேர முடிந்தால் மட்டுமே எட்டுக் கட்டு பொருந்தும். ஆட்டத்தின் நடுவே சேரத் தடை என்ற பலகை இருந்தால் அந்த வழியும் அடைபட்டது.

ஆழத்தை அளப்பதில் நடக்கும் பிழை

ஆடி முடிந்த சீட்டுகள் அடுக்கப்படும் தட்டைப் பாருங்கள், சீட்டு எடுக்கப்படும் பெட்டியான ஷூவைப் பார்க்க வேண்டாம். ஒரு கட்டின் தடிமன் ஒன்றரை சென்டிமீட்டர் சொச்சம். கட் கார்டுக்குப் பின்னால் இருக்கும் சீட்டுகளும் பார்க்காத சீட்டுகளே. வகுக்கும்போது அவற்றையும் சேர்க்க வேண்டும். ஆறு கட்டு மேசை, தட்டில் மூன்று கட்டு, ரன்னிங் கவுன்ட் +8 என்று வையுங்கள். மிச்சம் மூன்று, ட்ரூ கவுன்ட் 2.7. இரண்டு கட்டு ஒதுக்கப்பட்டிருப்பதால் "ஆட மிச்சம் ஒன்றுதான்" என்று ஒன்றால் வகுப்பவருக்கு +8 என்று தெரியும். 1 சதவீதம்கூட இல்லாத சாதகத்துக்குக் கிட்டத்தட்ட நான்கு சதவீதம் என்று நம்பிப் பந்தயம் வைப்பார். கையிருப்பு கரைவதற்கு இதைவிடக் குறுக்குவழி இல்லை.

தொடர்ந்து கலைக்கும் இயந்திரம்

ஒவ்வொரு சுற்றின் சீட்டும் உடனே உள்ளே திரும்பிப் போகும் இயந்திரத்தில் ஆழம் கிட்டத்தட்டப் பூஜ்யம். எண்ணுபவர் அங்கே நிற்க வேண்டியதில்லை. எண்ணாமல், எந்தக் கைக்கு எப்படி ஆடுவது சிறந்தது என்று சொல்லும் அடிப்படை உத்தியை மட்டும் வைத்து ஆடுபவருக்குக் கணக்கு வேறு. கட் கார்டு வைத்த ஷூவில் பெரிய சீட்டுகள் முன்னால் வந்துவிட்டால் சுற்றுகளுக்குக் குறைவான சீட்டே செலவாகும். அதனால் சின்னச் சீட்டுகள் மிஞ்சிய நிலையில் கூடுதலாக ஒரு சுற்று நடக்கும். இயந்திரத்தில் அது இல்லாததால் ஆறு கட்டுக்குச் சுமார் 0.02 சதவீதம் ஆட்டக்காரருக்குச் சாதகம். ஆனால் கலைக்கும் இடைவேளை இல்லாததால் மணிக்கு ஆடும் கைகள் கூடும். பந்தயம் 100, காசினோ சாதகம் 0.50 சதவீதம், மணிக்கு 70 கை என்றால் எதிர்பார்க்கும் இழப்பு 35. இயந்திரத்தில் 0.48 சதவீதம், மணிக்கு 84 கை என்றால் 40. ஒவ்வொரு கையும் மலிவு, ஒவ்வொரு மணியும் விலை அதிகம். பொழுதுபோக்காக ஆடுபவர் இயந்திர மேசையில் உட்கார்ந்தால் பந்தயத்தையோ நேரத்தையோ ஏழில் ஒரு பங்கு குறைத்துக்கொண்டால் இழப்பு பழைய அளவுக்கு வந்துவிடும்.