கென்னிவுட்டா, கனோபல்ஸா? பாட்டியையும் அழைத்துப் போகிறவர்களுக்கு

நாங்கள் இருப்பது பென்சில்வேனியாவின் நடுவில், ஸ்டேட் காலேஜ் என்ற ஊரில். பள்ளி விடுமுறை விட்டதும் எந்தக் கேளிக்கைப் பூங்காவுக்குப் போவது என்று வீட்டில் ஒரே வழக்கு: மேற்கே ஏறக்குறைய மூன்று மணி நேரம் காரோட்டி, பிட்ஸ்பர்க் அருகிலுள்ள கென்னிவுட்டுக்குப் போவதா, கிழக்கே இரண்டு மணி நேரத்துக்குள் எட்டிவிடும் எலிஸ்பர்க் கனோபல்ஸுக்குப் போவதா? அம்மா ஊரிலிருந்து வந்து தங்கிய இரண்டு கோடைகளில் இரண்டு பூங்காவுக்கும் ஒவ்வொரு முறை அழைத்துப் போனோம். இனி குடும்பத்தோடு என்றால் கனோபல்ஸ்தான். இந்த முடிவுக்குக் காரணம் ரோலர் கோஸ்டர் அல்ல.

ரோலர் கோஸ்டரை மட்டும் வைத்துப் பார்த்தால் கென்னிவுட்டுக்கே முதலிடம் தருவேன். டிராம் கம்பெனி ஒன்று, விடுமுறை நாளிலும் வண்டிகளில் கூட்டம் ஏற வேண்டும் என்பதற்காக 1898-இல் தொடங்கிய பூங்கா அது. மொனங்கஹீலா ஆற்றின் மேட்டுக்கரையில் இருப்பதால், தொழிலதிபர் கார்னகி கட்டிய எஃகு ஆலை எதிர்க்கரையில் தெரிகிறது. ஜான் மில்லர் வடிவமைத்த ஜாக் ராபிட் என்ற மர ரோலர் கோஸ்டர் 1920-இலிருந்து அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது. நிலத்தை நிரவாமல், இருந்த பள்ளத்தையே இறக்கமாக்கிக்கொண்டார்கள். அதன் இரட்டை இறக்கத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தால் உடம்பு இருக்கையை விட்டு எழும்பிவிடுகிறது. 1927-இல் வந்த ரேசரில் இரண்டு வண்டிகள் அருகருகே போட்டி போட்டு ஓடும். உண்மையில் அது நெடுகிலும் ஒரே தடம். இடப்பக்கம் கிளம்பிய வண்டி வலப்பக்கம் வந்து நிற்கும். இதை நம்பாத என் மகள் இரண்டாம் முறை ஏறிச் சரிபார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டாள்.

இரும்புத் தடத்தில் ஃபேண்டம்ஸ் ரிவெஞ்ச். 1991-இல் வேறு பெயரில் வந்து, 2001-இல் மாற்றிக் கட்டப்பட்டது. முதலில் ஏறுவது 160 அடிதான். இரண்டாம் இறக்கமோ 232 அடி. பக்கத்திலுள்ள தண்டர்போல்ட் என்ற இன்னொரு ரோலர் கோஸ்டரின் மரச்சட்டங்களுக்கு ஊடாகப் பாய்ந்து பள்ளத்தாக்குக்குள் இறங்கும்போது வேகம் மணிக்கு 85 மைல். ஒன்பது முறை தலைகீழாகச் சுற்றும் ஸ்டீல் கர்ட்டனில் நான் ஏறவில்லை. அதைப் பற்றிப் பேச எனக்கு உரிமையில்லை.

கனோபல்ஸில் இவ்வளவு உயரமும் வேகமும் கிடையாது. (Knoebels என்ற ஆங்கிலப் பெயரின் முதலெழுத்தான 'கே' அங்கே ஒலிக்கும்; 'நோபல்ஸ்' என்றால் உள்ளூர்க்காரர்கள் திருத்துவார்கள்.) 1926-இல் ஒரு நீச்சல் குளத்தோடு தொடங்கியது, இன்றும் அதே குடும்பத்தின் கையில் இருக்கிறது. மரக்கூட்டத்துக்குள் ஓடைகளை ஒட்டிய தாழ்நிலம் என்பதால் 1972-இல் ஆக்னஸ் புயல் வெள்ளத்தில் மூழ்கி மீண்டது. அங்கே ஓடும் ஃபீனிக்ஸின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. டெக்சஸின் சான் அன்டோனியோவில் 1947-இல் 'ராக்கெட்' என்ற பெயரில் கட்டப்பட்ட மர ரோலர் கோஸ்டர் அது. அந்தப் பூங்கா 1980-இல் மூடப்பட்டது. கனோபல்ஸ் குடும்பத்தார் அதைப் பிரித்து, சட்டங்களுக்கு அடையாளம் இட்டு, லாரிகளில் ஏற்றிவந்து, 1985-இல் மீண்டும் ஓடவிட்டார்கள். உயரம் 78 அடிதான். முதலில் ஓர் இருட்டுச் சுரங்கம், பிறகு ஏற்றம், பிறகு ஒவ்வொரு மேட்டிலும் உடம்பு காற்றில் மிதக்கிறது. 232 அடி இறக்கத்தைவிட இதில்தான் நான் அதிகம் சிரித்தேன்.

இனி, என் முடிவைத் தீர்மானித்த விஷயம். கென்னிவுட்டில் நுழைவாயிலிலேயே ஆளுக்கு ஒரு நாள் கட்டணம். கனோபல்ஸில் உள்ளே போகவும் காரை நிறுத்தவும் காசு இல்லை. எதில் ஏறுகிறோமோ அதற்கு மட்டும் சீட்டு.

வெறும் பணக் கணக்காகத் தோன்றும் இது, பாட்டி உடன் இருக்கும் வீட்டில் நாளின் போக்கையே மாற்றிவிடுகிறது. அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது, முழங்கால் வலி. கென்னிவுட் வாசலில் தன் சீட்டின் விலையைக் கேட்டு, மனத்துக்குள் ரூபாயாக்கி, "எனக்கு எதுக்குப்பா, நான் கார்லயே இருக்கேனே" என்றார். கட்டாயப்படுத்தி உள்ளே அழைத்துப் போனோம். அன்று முழுக்க நிழலில் பைகளுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தார். மணிக்கொரு முறை "குடுத்த காசுக்கு நீங்களாவது எல்லாத்துலயும் ஏறிட்டீங்களா?" என்று கேட்டார். காசு வீணாகக்கூடாது என்று நாங்களும் ஒரு வரிசையிலிருந்து இன்னொரு வரிசைக்கு ஓடினோம். அவரோடு உட்கார்ந்து பேசிய நேரம் அரை மணி கூட இருக்காது.

கனோபல்ஸில் அந்தக் கேள்வியே எழவில்லை. மர நிழலில் மேசை பிடித்து, கொண்டுபோன புளியோதரையைப் பிரித்தோம். ஏறுகிறவர் ஏறினார், மற்றவர் அம்மாவோடு இருந்தார். பிற்பகலில் அவரே எழுந்து குதிரை ராட்டினத்தருகே போய் நின்றார். 1913-இல் செய்த, மரத்தில் செதுக்கிய குதிரைகள். வெளி வரிசையில் இருப்பவர்கள் சுற்றும்போதே கையை நீட்டி வளையம் பிடுங்கலாம், பித்தளை வளையம் கிடைத்தால் இன்னொரு சுற்று இலவசம். இரண்டு சுற்று வேடிக்கை பார்த்துவிட்டு, "இதுக்கு எவ்வளவு?" என்றார். சில டாலர்தான் என்றதும், பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டார். காலையிலேயே கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார்.

ஒன்றையும் மறைக்க விரும்பவில்லை. இதெல்லாம் பூங்காவுக்கு ஒரு நாள் என்ற அளவிலான அனுபவம். நாள் முழுவதும் ஓயாமல் ஏறுகிற பதின்வயதுப் பிள்ளைகள் மட்டும் போனால், தனித்தனிச் சீட்டு கையைக் கடிக்கும். அவர்களுக்குக் கென்னிவுட்டின் ஒரே கட்டணமே லாபமாக இருக்கலாம். பிட்ஸ்பர்க் அருகே பென் ஹில்ஸில் உள்ள வேங்கடேசுவரர் கோயிலுக்கு வருகிறவர்களுக்கும் கென்னிவுட்தான் பக்கம். ஃபேண்டம்ஸ் ரிவெஞ்சில் இன்னொரு முறை ஏற வேண்டும் என்று மகள் நச்சரிக்கிறாள். அடுத்த கோடையில் கோயிலுக்குப் போகும்போது நானும் அவளும் மட்டும் அங்கே ஒரு நாள் போவதாகத் திட்டம். கனோபல்ஸில் மீந்த சீட்டுகளை அம்மா தன் கைப்பைக்குள் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்.