₹2,64,000 போச்சு: நல்லா ஓடுற செடானைக் கொடுத்துட்டு டர்போ வண்டி எடுக்கப் போறவங்க படிங்க

நேற்று சாயங்காலம் சர்வீஸ் சென்டரில் எஸ்டிமேட்டைக் கையில் கொடுத்தார்கள். கியர்பாக்ஸை இயக்குகிற மெக்கட்ரானிக் யூனிட் 1,62,000. இரட்டை கிளட்ச் செட் 78,000. ஆயில், லேபர், மாட்டிய பிறகு புதுப் பாகங்களுக்குக் கம்ப்யூட்டரைப் பழக்குகிற அடாப்டேஷன் எல்லாம் சேர்த்து 24,000. மொத்தம் ₹2,64,000. வண்டி வாங்கியது 7,40,000-க்கு, இன்றைக்கு முப்பத்தொன்றாவது நாள். விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே ஒரே மாதத்தில் ரிப்பேருக்கு.

விற்றது தெருமுனை புரோக்கர் இல்லை. ஆப் வைத்து, டிவியில் விளம்பரம் போட்டு, சென்னையில் பெரிய யார்டு நடத்துகிற ஆன்லைன் பழைய கார் தளம். பெயர் புகார் மனுவில் இருக்கிறது, இங்கே வேண்டாம். யாரை நம்பக்கூடாது என்பதைவிட எதை நம்பக்கூடாது என்பதுதான் உங்களுக்கு உதவும். சோதனை செய்கிற முறையைக் கடைசியில் வரிசையாக எழுதுகிறேன்.

அந்தத் தளத்திடமே எக்ஸ்சேஞ்சில் கொடுத்த என் பழைய வண்டி 2015 ஹோண்டா சிட்டி, 1.5 பெட்ரோல், மேனுவல், 86,000 கிலோமீட்டர். டைமிங் செயின் என்பதால் பெல்ட் மாற்றுகிற செலவே கிடையாது. 10,000-க்கு ஒருமுறை ஆயில், ஒருதடவை கிளட்ச், ஒருதடவை சஸ்பென்ஷன் புஷ். அவ்வளவுதான் அந்த வண்டி கேட்டது. அப்புறம் ஏன் மாற்றத் தோன்றுகிறது? சிட்டியின் 145 நியூட்டன் மீட்டர் இழுவை முழுதாக வருவது 4,600 ஆர்பிஎம்மில், அதாவது இன்ஜின் நிமிஷத்துக்கு 4,600 சுற்று சுற்றும்போது. ஜிஎஸ்டி ரோட்டில் லாரியைத் தாண்ட வேண்டுமென்றால் கியரைக் குறைத்து, இன்ஜினைக் கத்தவிட வேண்டும். காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிற சின்ன டர்போ இன்ஜினில் அந்த இழுவை 1,500-லேயே வந்துவிடும், முதுகை சீட்டோடு அழுத்தும். பத்து நிமிஷம் ஓட்டினாலே ஆசை பிடித்துக்கொள்ளும். அந்த ஆசையில் தப்பில்லை. ஆனால் கீழ் ஆர்பிஎம்மில் வருகிற அத்தனை இழுவையும் சக்கரத்துக்குப் போவது கிளட்ச் வழியாகத்தான் என்பதை டெஸ்ட் டிரைவில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

எடுத்தது ஐரோப்பிய டிசைன் டர்போ ஹேட்ச்பேக், ஏழு கியர் டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக், டிரை கிளட்ச் வகை. உள்ளே இரண்டு கிளட்ச். ஒன்று 1, 3, 5, 7-க்கு. மற்றது 2, 4, 6, ரிவர்ஸுக்கு. வெட் வகையில் இரண்டும் ஆயிலில் கிடக்கும், சூட்டை ஆயில் வாங்கிக்கொள்ளும். டிரை வகைக்குக் காற்றுதான் கதி. கிண்டியிலிருந்து கத்திப்பாரா வரை பிரேக்கைப் பாதி விட்டு, பிடித்து, விட்டு ஊர்ந்தால் கிளட்ச் முழுசாகப் பிடிக்காமல் தேய்ந்துகொண்டே இருக்கும். மே மாத வெயிலில் சூடு இறங்க நேரமே கிடைக்காது. முதல் அறிகுறி ஒன்றிலிருந்து இரண்டுக்கு ஏறும்போது வருகிற நடுக்கம். நெல்லு மூட்டை ஏற்றிய டிராக்டரில் உட்கார்ந்த மாதிரி ஸ்டீயரிங்கில் தெரியும்.

இன்னொரு பக்கம் மெக்கட்ரானிக். கியர்பாக்ஸின் மூளையும் ஹைட்ராலிக்கும் சேர்ந்த ஒரே பெட்டி அது. உள்ளே ஆயில் அழுத்தத்தைச் சேர்த்து வைக்கிற அக்யுமுலேட்டர் இருக்கிறது. அது உட்காருகிற அலுமினிய பாகத்தில் முடி அளவு விரிசல் விழுந்தாலும் அழுத்தம் நிற்காது. பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும், சூடாகும், ஒருநாள் கியர்பாக்ஸ் கைவிரிக்கும். டிஸ்பிளேயில் கியர் எழுத்து மினுக்கும், ரிவர்ஸ் விழாது. சில வண்டிகளில் ஒற்றைப்படை கியர் மட்டும் வேலை செய்யும்.

இதெல்லாம் தெரிந்துமா வாங்கினாய் என்று கேட்பீர்கள். தெரிந்துதான் கேட்டேன். முதலில் கேட்டதே கியர்பாக்ஸைப் பற்றித்தான். அந்த சேல்ஸ் தம்பி டேப்லெட்டைத் திருப்பி, 200 பாயிண்ட் இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டில் கியர்பாக்ஸ் வரியை இரண்டு விரலால் பெரிதாக்கிக் காட்டினான். பச்சை டிக். பக்கத்தில் "ஸ்மூத், ஜெர்க் இல்லை". அதற்குக் கீழே ஸ்கேனர் போட்டோ: ஃபால்ட் கோட் (வண்டியின் கம்ப்யூட்டர் பதிவு செய்த குறைகள்) 0. "சார், இந்த வண்டிக்கு இதுதான் கேட்பாங்கன்னு தெரிஞ்சே தனியா ஸ்கேன் பண்ணி வச்சிருக்கோம். அதுக்கு மேல இன்ஜின், கியர்பாக்ஸுக்கு ஒரு வருஷம் வாரண்டி. ஏழு நாள்ல பிடிக்கலைன்னா திருப்பிக் கொடுத்துடுங்க, கேள்வியே கேட்க மாட்டோம்." அந்த இடத்தில்தான் நம்பினேன். பச்சை டிக், ஸ்கேன், வாரண்டி, ரிட்டர்ன் என்று நாலு பாதுகாப்பு. நாலுமே வெறும் பேச்சு.

டெஸ்ட் டிரைவ் காலை பத்து மணிக்கு, சர்வீஸ் ரோட்டில் மூன்று கிலோமீட்டர். கிளட்ச் சூடேறவே இல்லை. இந்த நடுக்கம் சூட்டில்தான் வரும், குளிர்ந்த வண்டியில் வெண்ணெய் மாதிரி ஓடும்.

டெலிவரி சனிக்கிழமை. திங்கள்கிழமை கத்திப்பாரா நெரிசலில் நாற்பது நிமிஷம் நின்று நகர்ந்ததும் இரண்டாம் கியரில் நடுங்கியது. அன்று ராத்திரி ஓபிடி டாங்கிள் (அந்தக் கோடுகளைப் படிக்கிற குட்டிக் கருவி) போட்டுப் பார்த்தேன். எண்ணூறு ரூபாய் டாங்கிள், போன் ஆப் போதும். ஃபால்ட் இல்லை. ஆனால் அதே ஆப்பில் "கோட் அழித்த பின் ஓடிய தூரம்" என்று ஒரு வரி வரும். அதில் 214 கிலோமீட்டர். டெலிவரி சீட்டில் மீட்டர் 41,870, அன்று ராத்திரி 42,066. நான் ஓட்டியது 196. அப்படியானால் கையில் கொடுப்பதற்கு 18 கிலோமீட்டர் முன்னால் யாரோ எல்லா கோடையும் அழித்திருக்கிறார்கள். அழித்துவிட்டு ஸ்கேன் செய்தால் பூஜ்யம் வராமல் என்ன வரும்? அந்தப் பூஜ்யத்தைத்தான் போட்டோ எடுத்துக் காட்டியிருக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை, ஸ்கிரீன்ஷாட்டோடு ரிட்டர்ன் கேட்டேன். வந்த பதில்களை அப்படியே எழுதுகிறேன்.

நாலாம் நாள்: "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், 48 மணி நேரத்தில் டெக்னீஷியன் தொடர்புகொள்வார்."
ஆறாம் நாள் வண்டியை யார்டுக்கு எடுத்துப் போனார்கள்.
எட்டாம் நாள்: "இரண்டு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தோம், குறை தென்படவில்லை."
கோட் அழித்ததைக் கேட்டால்: "பேட்டரி கழற்றியிருப்போம் சார்." பேட்டரி வேலை செய்ததற்கு ரிப்போர்ட்டில் ஒரு வரிகூட இல்லை.
ஒன்பதாம் நாள்: "ரிட்டர்ன் காலம் முடிந்துவிட்டது."

நான் கேட்டது ஏழு நாளுக்குள். அவர்கள் வண்டியை வைத்துக்கொண்டே ஏழு நாளைக் கடத்தினார்கள். என் பக்கம் ஒரு தப்பு உண்டு: ஆப்பில் சப்போர்ட் டிக்கெட் போட்டேன், ரிட்டர்ன் கோரிக்கைக்கு வேறு பட்டன் இருந்திருக்கிறது. டிக்கெட் போட்டால் கணக்கில் வராதாம்.

பத்தொன்பதாம் நாள் அபார்ட்மென்ட் பேஸ்மென்டில் ரிவர்ஸ் விழவில்லை. கியர் எழுத்து மினுக்கியது. நாலு பேர் தள்ளி வெளியே எடுத்து, ஃபிளாட்பெட் டிரக்கில் சர்வீஸ் சென்டருக்கு. அங்கே சேஸிஸ் நம்பரைப் போட்டதும் அட்வைசர் ஸ்கிரீனை என் பக்கம் திருப்பினார். எட்டு மாசத்துக்கு முன்னால் முந்தைய ஓனர் கொண்டுவந்திருக்கிறார். கம்ப்ளெய்ன்ட் வரியில் "1-2 ஜெர்க், டிராஃபிக்கில்". அதற்குக் கீழே "எஸ்டிமேட் ஏற்கவில்லை". அவர் செய்யாமல் தள்ளிவிட்ட அந்த ரிப்பேர்தான் இப்போது என் தலையில் ₹2,64,000-ஆக உட்கார்ந்திருக்கிறது. 200 பாயிண்ட் பார்த்தவர்கள் இந்த ஒரு வரியைப் பார்க்கவில்லையாம்.

வாரண்டி? தளம் சொன்னது: "வாரண்டி கம்பெனி வேறு சார், அவங்களைக் கேளுங்க." வாரண்டி கம்பெனி சொன்னது: கிளட்ச் தேய்மானப் பொருள், கவர் இல்லை. மெக்கட்ரானிக் எலக்ட்ரானிக் கன்ட்ரோல் யூனிட், அதுவும் கவர் இல்லை. மிச்சம் இருப்பது கியர் பல்லும் பேரிங்கும்தான். இந்த வகை பாக்ஸில் அடிக்கடி கெடுவது எது என்று தெரிந்தவன்தான் அந்த இரண்டையும் விலக்கி எழுதியிருக்கிறான். வாரண்டி கம்பெனி மறுபடி தளத்தைக் கேட்கச் சொன்னது. தளம் இன்வாய்ஸைப் பார்க்கச் சொன்னது. இன்வாய்ஸில் விற்பவர் என்று போட்டிருப்பது கேள்விப்படாத மூன்றாவது கம்பெனி! கையெழுத்துப் போடுகிற அன்று அந்தப் பெயரை நான் படிக்கவில்லை.

கடைசியாக நல்லெண்ணத்துக்கு 15,000 தருகிறோம் என்றார்கள். ஆனால் "முழுமையான, இறுதியான தீர்வு" என்ற கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டுமாம். ₹2,64,000 எங்கே, 15,000 எங்கே. போடவில்லை. நீங்களும் போடாதீர்கள். அதைப் போட்டால் பிறகு நுகர்வோர் ஆணையத்தில் முதல் ஆதாரமாக அதையே நீட்டுவார்கள்.

இதில் எல்லாவற்றையும்விட வயிறு எரிவது எக்ஸ்சேஞ்சில். ஆன்லைனில் சிட்டிக்கு 5,30,000 என்றார்கள். நேரில் பார்த்துவிட்டு முன் பம்பர் ரீபெயின்ட், டயர் பழசு என்று 4,85,000-க்கு இறக்கினார்கள். அன்றைக்கே சாவி கொடுத்தால் 25,000 போனஸ் என்றார்கள். கொடுத்தேன். அந்த நிமிஷத்திலிருந்து என் கையில் வேறு வண்டி இல்லை, பேசுகிற பலமும் இல்லை. ஒன்பதாம் நாள் சிட்டியைத் திருப்பிக் கேட்டபோது ஏலத்தில் போய்விட்டது என்றார்கள். ரிட்டர்ன் என்பது பணத்துக்குத்தான், பழைய வண்டிக்கு இல்லை. பத்து வருஷம் ஒரு நாளும் ரோட்டில் நிறுத்தாத வண்டி அது.

இன்னும் முடியவில்லை. போன வாரம் பரனூர் சுங்கச்சாவடியில் என் ஃபாஸ்டேக்கில் பணம் பிடித்ததாக எஸ்எம்எஸ் வந்தது. ஸ்டிக்கரை உரிக்காமல் கொடுத்திருக்கிறேன். ஆர்சி பார்த்தால் சிட்டி இன்னும் என் பெயரில். 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வாங்கி விற்கிற டீலர் ஆர்டிஓவிடம் அங்கீகாரம் வாங்கியிருக்க வேண்டும். வண்டியை ஒப்படைத்ததைப் படிவம் 29சி மூலம் தெரிவித்தால் அதன் பிறகு அந்த வண்டிக்கு டீலர்தான் பொறுப்பு. என் விஷயத்தில் அந்தப் படிவம் போகவே இல்லை. ஓட்டுகிறவன் எங்கேயாவது இடித்தால் நோட்டீஸ் என் வீட்டுக்குத்தான் வரும்.

இப்போது வக்கீல் நோட்டீஸ் தயாராகிறது. கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை கட்டணம் 200 ரூபாய்தான். நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் எண் வாங்கிவிடுங்கள்.

சோதனை முறையை வரிசையாக எழுதுவதாகச் சொன்னேன். காலையில் வக்கீலைப் பார்க்க வேண்டும், இன்னும் பேப்பரெல்லாம் எடுத்து வைக்கவில்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான்:

ஒரு மணி நேரம் சாயங்கால டிராஃபிக்கில் ஓட்டாமல் டூயல் கிளட்ச் வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ரிவர்ஸில் மேட்டில் ஏற்றிப் பாருங்கள்.

டாங்கிள் உங்களுடையது. கோட் அழித்த பின் ஓடிய தூரம் சில நூறு கிலோமீட்டருக்குள் இருந்தால் ஏன் என்று எழுத்தில் கேளுங்கள்.

சேஸிஸ் நம்பரோடு கம்பெனி சர்வீஸ் சென்டர் ஹிஸ்டரி. ஓனரோ விற்பவரோ வாங்கித் தர மறுத்தால் வண்டி வேண்டாம்.

வாரண்டியில் "கிளட்ச்", "மெக்கட்ரானிக்" என்ற இரண்டு வார்த்தையும் கவர் ஆகிற பக்கத்தில் இருக்கிறதா பாருங்கள். வாயால் சொன்னது செல்லாது.

செடானைக் கொடுப்பதற்கு முன் ஃபாஸ்டேக்கை மூடுங்கள், 29சி நகல் வாங்குங்கள். நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் எடுக்காத வருஷங்களுக்கு இன்சூரன்ஸ் பிரீமியத்தில் கிடைக்கிற தள்ளுபடி) வண்டிக்குச் சொந்தமில்லை, உங்களுக்குச் சொந்தம். இன்சூரன்ஸ் கம்பெனியிடம் அதற்கான சான்றைக் கேட்டு வாங்குங்கள், மூன்று வருஷம் செல்லும்.

புது வண்டி ஒரு மாசம் ஓடும்வரை செடான் சாவியைக் கொடுக்காதீர்கள். 25,000 போனஸ் போனால் போகட்டும். எனக்குப் போனது ₹2,64,000.