ரெய்டு 1 டிஸ்க் ஜோடியோடு நாலு வருஷம்

2021 கடைசியில் அத்தானின் போட்டோ ஸ்டுடியோவுக்கு ஒரு கம்ப்யூட்டர் கோர்த்துக் கொடுத்தேன். கல்யாண ஆல்பப் படங்களைப் போட்டு வைக்கத்தான். ஒரு டிஸ்க் செத்தாலும் முகூர்த்தப் படம் போகக்கூடாது, அவ்வளவுதான் அவர் கேட்டது. அதனால் டெபியன் 11 என்ற லினக்ஸ், 2 டிபி டிஸ்க் இரண்டு, எழுதுவதை இரண்டு டிஸ்க்கிலும் ஒரே மாதிரி வைக்கும் (மிரர்) ரெய்டு 1 என்று முடிவு செய்தோம். காசு மிச்சம் என்று டிஸ்க்குகளை மட்டும் செகண்ட் ஹேண்டில் ஜோடியாக வாங்கினேன். அந்த மிச்சத்துக்கு அன்றைக்கே பாதி ராத்திரி போனது.

இன்ஸ்டாலரில் பார்ட்டிஷன் பிரிக்கும் இடத்துக்கு வந்தால், நான் உருவாக்காத எம்டி126 என்று ஒரு ரெய்டு பட்டியலில் நிற்கிறது. தனி டிஸ்க்கைத் தொட்டால் 'பயன்பாட்டில் உள்ளது' என்று எழுத விடமாட்டேன் என்கிறது. பயோஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) ரெய்டை அணைத்து, ஏஹெச்சிஐ என்ற சாதாரண டிஸ்க் முறைக்கு மாற்றிப் பார்த்தேன், அசையவில்லை. அப்புறம்தான் புரிந்தது: இந்த ஜோடி முன்பு வேறொரு கம்ப்யூட்டரில் மதர்போர்டு ரெய்டாக ஓடியிருக்கிறது. அந்த வகை ரெய்டு தன் குறிப்பை டிஸ்க்கின் கடைசிப் பகுதியில் எழுதி வைக்கும். விற்றவர் செய்த குவிக் ஃபார்மட் அந்த மூலைக்குப் போவதே இல்லை. லினக்ஸ் அதைப் படித்துவிட்டு, பழைய ஜோடியைப் பொறுப்பாகச் சேர்த்து வைத்துவிட்டது.

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 அழுத்தி, கட்டளை எழுதும் ஷெல்லுக்குப் போய், லினக்ஸில் ரெய்டைக் கையாளும் எம்டிஆட்மில், அந்தப் பழைய குறிப்பை அழிக்கும் ஜீரோ சூப்பர்பிளாக் கட்டளையைக் கொடுத்தேன். திறக்க முடியவில்லை, அழிக்கவில்லை என்று பதில். ஓடிக்கொண்டிருக்கும் ரெய்டை முதலில் நிறுத்த வேண்டும். அதுவும் வரிசையாக, முதலில் எம்டி126, பிறகு அதைத் தாங்கி நிற்கும் எம்டி127. இரண்டையும் நிறுத்திவிட்டு அழித்தபோது டிஸ்க்குகள் தனித்தனியாக வந்து நின்றன. பழைய டிஸ்க் வாங்குகிறவர்கள் இந்த வேலையை இன்ஸ்டாலுக்கு முன்பே முடித்துக்கொள்ளலாம்.

அதன்பிறகு இன்ஸ்டால் சுலபமாகத்தான் முடிந்தது. நினைவகம் போதாதபோது டிஸ்க்கில் பயன்படும் ஸ்வாப்பையும் ரெய்டுக்குள்ளேயே வைத்தேன். வெளியே வைத்தால், டிஸ்க் சாகும்போது படம் தப்பிக்கும், ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் செத்துவிடும்.

மறுநாள் வேண்டுமென்றே முதல் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு ஆன் செய்தேன். பூட் ஆக டிவைஸே இல்லை என்றது மெஷின். படமெல்லாம் இரண்டாவது டிஸ்க்கில் பத்திரமாக இருக்கிறது, ஆனால் அதைக் கிளப்ப ஆளில்லை. காரணம், ஆன் செய்ததும் மெஷினைக் கிளப்பும் ஃபர்ம்வேரான யூஇஎஃப்ஐ படிக்கும் இஎஸ்பி என்ற சின்ன பார்ட்டிஷன் முதல் டிஸ்க்கில் மட்டும்தான் இருந்தது. ஃபர்ம்வேருக்கு லினக்ஸ் ரெய்டு தெரியாது. அதற்கு வெறும் ஃபேட் ஃபார்மட் வேண்டும். ஃபர்ம்வேருக்கு வெறும் ஃபேட்டாகத் தெரியும்படி, ரெய்டின் குறிப்பைப் பார்ட்டிஷனின் கடைசியில் வைக்கும் 1.0 வடிவத்தில் இஎஸ்பியையும் மிரர் செய்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் மனசு ஒப்பவில்லை. ஃபர்ம்வேர் ஒரு பக்கத்தில் மட்டும் ஏதாவது எழுதிவிட்டால் ரெய்டுக்கு அது தெரியவே தெரியாது.

நல்லவேளை, இரண்டாவது டிஸ்க்கிலும் அதே 512 எம்பி இடத்தைச் சும்மா விட்டு வைத்திருந்தேன். அதை ஃபேட்32 ஆக்கி, முதல் இஎஸ்பியை அப்படியே நகலெடுத்து, பூட் பட்டியலில் இரண்டாவது பெயராகச் சேர்த்தேன். மறுபடி கேபிளைக் கழற்றினேன். பூட் செய்யும் கிரப் வந்தது, லினக்ஸின் மையமான கெர்னல் ஏறியது, அப்புறம் ஒரு நிமிடம் 30 வினாடி அப்படியே நின்று, எமர்ஜென்சி மோடில் போய் விழுந்தது. பூட்டின்போது எதையெல்லாம் இணைக்க வேண்டும் என்ற பட்டியலான எஃப்எஸ்டேபைப் பார்த்து, இல்லாத டிஸ்க்கின் இஎஸ்பியைத் தேடிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த வரியில் நோஃபெயில் (கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை) என்ற ஒரு சொல்லைச் சேர்த்ததும் சரியானது. இந்த ஒரு சொல்லைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். கேபிளைக் கழற்றிப் பார்க்காவிட்டால் நானும் மறந்திருப்பேன்.

மற்றபடி அன்றாடப் பயன்பாட்டில் குறையில்லை. கரண்ட் போய் மெஷின் சட்டென்று அணைந்தாலும், எங்கெங்கே எழுதிக்கொண்டிருந்தோம் என்று பிட்மேப் குறித்து வைத்திருப்பதால், சில நிமிடங்களில் இரண்டும் ஒத்துப்போய்விடும். மாதத்தின் முதல் ஞாயிறு விடியற்காலையில் டெபியன் தானாகவே இரண்டு டிஸ்க்கையும் ஒப்பிட்டுப் பார்க்கும். முகூர்த்த சீசனில் அதே நேரத்தில் அத்தான் கார்டு கார்டாகப் படத்தை ஏற்றிக்கொண்டிருப்பார். "மாப்ள, இது இன்னைக்கு நொண்டுது" என்று போன் வரும்.

2023 ஜூலையில் அதை டெபியன் 12க்கு மாற்றினேன். அந்த வருஷக் கடைசியில் டிஸ்க் ஒன்று செத்தது. செத்தது எனக்குத் தெரிந்தது 11 நாள் கழித்து, அதுவும் வேறு வேலையாகப் போய் ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட்டைப் பார்த்தபோது. நல்ல டிஸ்க்குக்கு ஒரு யூ என்று, இரண்டு யூ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு யூவும் ஒரு கோடும். ரெய்டு தன் கடமையாக, மெஷினின் நிர்வாகி கணக்கான ரூட்டுக்கு மெயில் அனுப்பியிருக்கிறது. ரூட்டின் மெயிலை யார் படிக்கிறார்கள்? இப்போது அது என் போனுக்கு வருகிறது.

லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு வைக்கும் பெயரில் எஸ்டிஏ எது, எஸ்டிபி எது என்பது பூட்டுக்குப் பூட்டு மாறலாம், அந்தப் பெயரை நம்பி டிஸ்க்கைப் பிடுங்கக்கூடாது. சீரியல் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தை ஆரம்பத்திலேயே மார்க்கரால் டிஸ்க்கின் ஓரத்தில் எழுதியிருந்தேன், அது காப்பாற்றியது. புது டிஸ்க்கைப் போட்டு, பார்ட்டிஷன் அட்டவணையை நகலெடுத்து, அடையாள எண்களை மட்டும் புதிதாக்கி, ரெய்டில் சேர்த்தேன். ஒத்திசைய நாலரை மணி நேரம் ஆனது. அதுவரை மிச்சமிருந்த பழைய டிஸ்க்கும் போய்விடுமோ என்று நான் கடையிலேயே உட்கார்ந்திருந்தேன். அத்தான் பரோட்டா வாங்கி வந்தார். அடுத்த வாரமே அந்தப் பழசையும் மாற்றிவிட்டோம், வேறு கடையில், வேறு மாடலாகப் பார்த்து.

இத்தனைக்கும் மேலே பேக்கப்புக்கு ஒரு தனி எக்ஸ்டர்னல் டிஸ்க்கும் உண்டு. மருமகன் ஒருநாள் ஒரு ரிசப்ஷன் ஃபோல்டரை அழித்தபோது, மிரர் அதை இரண்டு பக்கத்திலும் ஒரே நொடியில் கச்சிதமாக அழித்துக் கொடுத்தது.

இன்னும் உறுத்துவது இஎஸ்பி ஒன்றுதான். கிரப் அப்டேட் வரும்போதெல்லாம் இரண்டாவது நகலையும் புதுப்பிக்க வேண்டும். அதற்கு நாலு வரி ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கிறேன், ஆனாலும் வருஷத்துக்கு ஒரு முறை கேபிளைக் கழற்றிப் பார்க்காமல் தூக்கம் வருவதில்லை. இந்த வருஷம் இன்னும் பார்க்கவில்லை. டெபியன் 13க்கு மாற்றும் அன்றைக்கே அதையும் முடித்துவிடலாம் என்று இருக்கிறேன். அத்தானிடம் முகூர்த்தம் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை கேட்டிருக்கிறேன்.