பத்தில் ஒரு பங்கு எங்கே போனது: ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் வர்ணனைச் சேவையுடன் ஓராண்டு

ஜிம்னாஸ்டிக்ஸ் பார்ப்பவர்களுக்கு ஒரு தீராத குறை உண்டு. வீராங்கனை தரையிறங்கிக் கைகளை உயர்த்துகிறார், அரங்கம் ஆர்ப்பரிக்கிறது, தொலைக்காட்சி வர்ணனையாளர் அற்புதம் என்கிறார். அடுத்த நிமிடம் திரையில் 13.4 என்று ஓர் எண் வந்து நிற்கிறது, அது ஏன் 13.9 ஆகவில்லை என்பதை மட்டும் எவரும் சொல்வதில்லை. இந்தக் குறையைத் தீர்ப்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு சந்தாச் சேவையை 2025ஆம் ஆண்டு முழுவதும் பயன்படுத்தினேன். உலக அளவிலான போட்டிகளையும் அமெரிக்கக் கல்லூரிப் போட்டிகளையும் ஒருசேரக் கவனிக்கும் சேவை அது. வாரம் இரண்டு மடல்கள், ஓர் ஒலி நிகழ்ச்சி, பெரிய போட்டிகளின்போது ஒலி வழி நேரடி வர்ணனை, பழைய நிகழ்ச்சிகளின் சேமிப்பு ஆகியவை சந்தாவில் அடக்கம். குறைகளையும் சொல்லப்போவதால் பெயரைத் தவிர்த்துவிடுகிறேன். இதே வகைச் சேவைகள் வேறு சிலவும் இருக்கின்றன, அவற்றில் எதற்கும் சந்தா கட்டுமுன் எதைக் கவனிப்பது என்பதற்காவது இது உதவும்.

முதலில் நேரடி வர்ணனை. தொலைக்காட்சியின் ஒலியை அடக்கிவிட்டு இவர்களுடைய ஒலியைக் கேட்டுக்கொண்டே பார்ப்பதுதான் முறை. பேசுபவர்கள் மூவர், அவர்களில் ஒருவர் நடுவராகப் பணியாற்றியவர், சந்தாவின் மதிப்பில் பாதி அவர் ஒருவராலேயே வருகிறது. பார்ஸில், அதாவது உயரம் வேறுபட்ட இரட்டைக் கம்பிகளில், ஒருவர் ஆடும்போது ஒவ்வொரு ஹேண்ட்ஸ்டாண்டும் (கையூன்றித் தலைகீழாக நிற்பது) செங்குத்திலிருந்து எவ்வளவு விலகியது என்பதை அவர் தணிந்த குரலில் எண்ணிக்கொண்டே வருவார்: "இது சரி, இது சரி, இது தாமதம், பத்திலொன்று போயிற்று." தரையிறங்கும்போது சிறிய அடி எடுத்துவைத்தால் 0.1, பெரிய அடி என்றால் 0.3, விழுந்தால் முழு 1.0 என்று சில வாரங்கள் கேட்டதிலேயே மனப்பாடமாகிவிட்டது. மூன்றாவது மாதத்தில், திரையில் புள்ளி வருவதற்கு முன்பே நானே ஓர் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளத் தொடங்கினேன். பெரும்பாலும் தவறாகவே இருந்தது, ஆனால் எந்த இடத்தில் தவறினேன் என்பது தெரிந்தது.

மூன்று தசமங்கள் வரை நீளும் இந்தக் கணக்கு புதியவர்களுக்கு மிரட்சி தரும் என்பதை அவர்கள் உணர்ந்திருக்கிறார்கள். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில், தென்கொரியாவின் யாங் டே-யங் ஆடிய பாரலல் பார்ஸ் நிரலின் (ஒரு கருவியில் ஆடும் அசைவுத் தொடரின்) தொடக்க மதிப்பு, அதாவது கழிவுகளுக்கு முந்தைய உச்சப் புள்ளி, 10.0 என்பதற்குப் பதிலாக 9.9 என்று தவறாகக் கணிக்கப்பட்ட சர்ச்சையிலிருந்து தொடங்கி, 2006இல் பத்துப் புள்ளி என்ற உச்சவரம்பு நீக்கப்பட்டது வரை ஒரு தொடக்கநிலை நிகழ்ச்சியில் விளக்கியிருக்கிறார்கள். கடினத்துக்குத் தனிப் புள்ளி, நேர்த்திக்குத் தனிப் புள்ளி, இரண்டையும் கூட்டி, கோட்டைத் தாண்டுவது போன்றவற்றுக்கான தண்டத்தைக் கழிக்க வேண்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் வால்ட் (ஓடிவந்து மேசையில் கையூன்றித் தாவுவது) இறுதியில் சிமோன் பைல்ஸ் தம் பெயரிலேயே அமைந்த இரட்டைப் பைக் (கால்களை மடக்காமல் இடுப்பில் வளைந்து இருமுறை சுழலும்) வால்ட்டுக்குப் பெற்ற 15.700, கடினம் 6.4, நேர்த்தி 9.4, தண்டம் 0.1 என்று பிரிந்து விழுவதைக் கேட்டபோதுதான் இந்த முறையின் அமைப்பு எனக்கு உறைத்தது.

சேமிப்பில் எனக்கு மிகவும் பிடித்தது 2024 ஆகஸ்ட் 5 அன்று நடந்த பாரிஸ் ஃப்ளோர் (தரைப் பயிற்சி) இறுதியைப் பற்றிய நிகழ்ச்சி. கடைசியாக ஆடிய அமெரிக்காவின் ஜோர்டன் சைல்ஸுக்கு முதலில் கிடைத்தது 13.666, ஐந்தாம் இடம். அவருடைய பயிற்சியாளர் கடினப் புள்ளியை எதிர்த்து முறையிட்டார், 0.1 கூடி 13.766 ஆனது, வெண்கலம் வந்தது. ருமேனியாவின் அனா பர்போசுவும் சப்ரினா மனேகா-வோய்னியாவும் தலா 13.700 பெற்றிருந்தார்கள். கடைசியாக ஆடுபவருக்கு முறையிட ஒரே ஒரு நிமிடம்தான் அவகாசம். அந்த முறையீடு 1 நிமிடம் 4 விநாடியில் வந்தது என்று விளையாட்டு நடுவர் தீர்ப்பாயம் ஆகஸ்ட் 10 அன்று முடிவு கூறியதும் புள்ளி பழைய நிலைக்குத் திரும்பியது, பதக்கம் பர்போசுவுக்குப் போனது. இந்த வழக்கைப் பற்றிப் பேசிய பலரும் ஏதேனும் ஒரு நாட்டின் பக்கம் நின்றார்கள். இவர்களோ விதிப்புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, எதை எதிர்த்து முறையிடலாம், எதை முடியாது, நேரத்தைக் குறிக்க வேண்டியது யாருடைய பொறுப்பு என்று ஒன்றரை மணி நேரம் நிதானமாகப் பேசினார்கள். வோய்னியா கோட்டுக்கு வெளியே கால் வைத்ததாகக் கழிக்கப்பட்ட 0.1 இல்லையென்றால் அவருக்கு 13.800 கிடைத்திருக்கும் என்பதையும், அவர் தரப்பு அன்று முறையிட்டது கடினப் புள்ளிக்காகவே தவிர அந்தக் கோட்டுக்காக அல்ல என்பதையும் தனியாக எடுத்துச் சொன்னார்கள். மூன்று பெண்களில் எவரும் பிழை செய்தவராகச் சித்திரிக்கப்படவில்லை. அந்த ஒரு நிகழ்ச்சிக்கே சந்தா தகும்.

கல்லூரிப் போட்டிகளுக்கு வரும்போது இதே குரல்கள் வேறு மனிதர்களுடையவை போல ஆகிவிடுகின்றன. அங்கே இன்னும் பத்துதான் உச்சம். ஓர் அணியில் வால்ட், பார்ஸ், பீம் எனும் குறுகிய கட்டை, ஃப்ளோர் என ஒவ்வொரு கருவிக்கும் ஆறு பேர் ஆடுவார்கள், சிறந்த ஐந்து புள்ளிகள் கணக்கில் சேரும், நான்கு கருவிகளுக்கும் சேர்த்து 200 தான் எல்லை. வழக்கமான பருவப் போட்டிகளில் இரண்டு நடுவர்களின் சராசரியே புள்ளி, ஆகவே 9.975 என்று வந்தால் ஒருவர் 10 கொடுத்திருக்கிறார், மற்றவர் 9.95 கொடுத்திருக்கிறார் என்று பொருள். கேட்பவர் அறிய விரும்புவது அந்த மற்றவர் எதைக் கண்டார் என்பதைத்தான். இவர்களோ அந்த இடத்தில் கைதட்டிக்கொண்டிருக்கிறார்கள். தம் கல்லூரி அணிகளின் மீது அவர்களுக்குள்ள பாசம் புரிகிறது. ஆனால் பார்ஸில் பாகைக் கணக்கு எண்ணிய நடுவர், ஜனவரி முதல் ஏப்ரல் வரை விடுப்பில் போய்விட்டாரோ என்று தோன்றுமளவுக்கு அந்த மாற்றம் இருக்கிறது.

சொந்த அரங்கில் புள்ளிகள் தாராளமாக விழுகின்றன என்பது கல்லூரிப் போட்டிகளின் பழைய பேச்சு. பருவ முடிவுப் போட்டிகளுக்கான தகுதிப் புள்ளியைக் கணக்கிடும் விதியே இந்த ஐயத்தை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது போலத்தான் இருக்கிறது: ஓர் அணியின் மிகச் சிறந்த ஆறு புள்ளிகளை எடுக்க வேண்டும், அவற்றில் குறைந்தது மூன்று வெளி அரங்கில் பெற்றவையாக இருக்க வேண்டும், பிறகு மிக உயர்ந்ததை நீக்கிவிட்டு மீதி ஐந்துக்குச் சராசரி காண வேண்டும். இதை மடலில் தெளிவாக விளக்கிய அதே சேவை, நேரடி வர்ணனையில் சொந்த அரங்கின் 9.95 ஒவ்வொன்றையும் கேள்வியின்றி ஏற்றுக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு மாலையில் பீமில் ஒருவர் தரையிறங்கும்போது குதிகால் பின்னால் நகர்ந்ததை நான் மூன்று முறை பின்னோட்டிப் பார்த்தேன். ஒலியில் அப்போது "அப்படியே பதிந்து நின்றாள்" என்று கூவிக்கொண்டிருந்தார்கள். எழுத்தில் இந்தக் குறை இல்லை. ஒற்றைத் திருகுடன் கூடிய யுர்சென்கோ வால்ட்டின் (மேசையில் பின்புறமாக ஏறித் தாவும் வகை) தொடக்க மதிப்பு 2016 பருவத்தில் 10.0இலிருந்து 9.95 ஆகக் குறைக்கப்பட்ட பின், அணிகள் ஒன்றரைத் திருகை நோக்கி நகர்ந்ததையும், அதனால் தரையிறக்கங்கள் எப்படிக் கலங்கின என்பதையும் விவரித்த மடலை இரண்டு முறை படித்தேன். 2024இல் கல்லூரிகளின் தேசியப் பட்டத்துக்கு முன்னணியில் இருந்த ஓக்லஹோமா பல்கலைக்கழக அணி அரையிறுதியில் வால்ட்டிலேயே சரிந்து வெளியேறியதையும், 2025 ஏப்ரலில் அதே அணி பட்டத்தை மீட்டதையும் இந்தக் கண்ணோட்டத்தில் இணைத்திருந்தது அந்த மடல்.

சேவையின் இரண்டு பாதிகளும் ஒரே ஒரு முறை முழுமையாக இணைந்தன. 2025 அக்டோபரில் ஜகார்த்தாவில் நடந்த உலகப் போட்டியின் பெண்கள் பல்துறை (எல்லாக் கருவிகளிலும் ஆடும்) இறுதியில், ரஷ்யக் கொடியின்றி நடுநிலை வீராங்கனையாக ஆடிய ஏஞ்சலினா மெல்னிகோவா முதலிடமும் அமெரிக்காவின் லியன் வாங் இரண்டாமிடமும் பெற்றார்கள். 2021இலும் இதே இருவர், இதே வரிசை. இடைப்பட்ட ஆண்டுகளில் வாங் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்துக்காக ஆடிக்கொண்டிருந்தவர். வாரந்தோறும் ஒரு சிறிய அசைவுக்குக்கூட 0.05 இழக்கும் பழக்கம் ஒருவரின் நேர்த்தியை எப்படிக் கட்டிக் காக்கும், அதே வேளையில் கடினத்தைக் கூட்ட வேண்டிய பயிற்சி நேரத்தை எப்படித் தின்றுவிடும் என்று அன்றைய நிகழ்ச்சியில் பேசினார்கள். கல்லூரி ஆட்டத்தை உலக ஆட்டத்தின் அளவுகோலால் அவர்கள் அளந்து நான் கேட்டது அப்போதுதான்.

மற்றவை சிறு குறைகள். நேரடி ஒலி, படத்துக்குச் சில விநாடிகள் பின்தங்கி வருகிறது. கைமுறையாகச் சரிசெய்யும் வசதி இருந்தாலும், இடையில் விளம்பரம் வந்தால் மீண்டும் விலகிவிடும். செயலியின் அறிவிப்புகளை அணைக்காவிட்டால், ஆட்டத்தைப் பார்ப்பதற்கு முன்பே முடிவு திரையில் வந்து விழும். நான் இப்படி இரண்டு இறுதிகளை இழந்தேன். சேமிப்பில் உள்ள நிகழ்ச்சிகளுக்கு எழுத்து வடிவம் கிடையாது, ஆகவே ஒரு விதியைப் பற்றி எப்போது பேசினார்கள் என்று தேடுவது வைக்கோற்போரில் ஊசி தேடும் கதைதான். ஆண்களின் போட்டிகள் நிகழ்ச்சியின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன: 2025 முதல் ஆண்கள் நிரலில் கணக்கில் சேரும் அசைவுகள் பத்திலிருந்து எட்டாகக் குறைந்தது அந்த ஆண்டின் பெரிய மாற்றம், அதற்கும், ஜப்பானின் டைகி ஹஷிமோட்டோ தொடர்ச்சியாக மூன்றாவது முறை உலகப் பல்துறைப் பட்டம் வென்றதற்கும் சேர்த்து ஒதுக்கியது கால் மணி நேரம்கூட இல்லை.

வாடிக்கையாளர் உதவிக்கு ஒரு முறை எழுதினேன், கல்லூரிப் பருவத்திலும் நடுவரின் கழிவுக் கணக்கைச் சொல்லும் தனி ஒலித்தடம் தர முடியுமா என்று. இரண்டு நாளில் பதில் வந்தது: யோசனை நல்லது, கேட்பவர்களில் பெரும்பாலோர் உற்சாகத்தையே விரும்புகிறார்கள் என்று. நேர்மையான பதில்தான். சந்தாவைப் புதுப்பித்துவிட்டேன், வருகிற ஜனவரி முதல் ஏப்ரல் வரை மடல்களை மட்டும் படித்துக்கொண்டு, படத்தை ஒலியில்லாமல் பார்த்து, கழிவுகளை நானே எண்ணிக்கொள்வதாக இருக்கிறேன்.