காவிரியா, காளியா, கடலோரமா? ஒரு பெங்களூர் கயாக்காரனின் கணக்கு

எங்கள் அபார்ட்மென்ட் லிஃப்டில் பத்தடி கயாக், அதாவது துடுப்புப் போட்டு ஓட்டும் ஒல்லிப் படகு, நுழையாது. நாலாவது மாடியிலிருந்து படி வழியாகத்தான் இறக்க வேண்டும், ஆளுக்கொரு முனை பிடித்து. வெள்ளிக்கிழமை ராத்திரி வாட்ச்மேன் தவறாமல் கேட்பார்: "என்ன சார், பெல்லந்தூர்ல மறுபடி தண்ணி வந்துடுச்சா?" 2022 செப்டம்பர் மழையில் ஐ.டி. கம்பெனி ஆட்களை டிராக்டரிலும் படகிலும் ஏற்றிக் கரைசேர்த்த ஊர், கிண்டல் செய்ய அவருக்கு உரிமை உண்டு. மற்ற நாட்களில் 900 மீட்டருக்கு மேல் மேட்டில் உட்கார்ந்திருக்கும் இந்த ஊரில் நம்பித் துடுப்புப் போட ஆறு கிடையாது. பக்கத்தில் என்றாலே நூறு கிலோமீட்டர்.

எங்கே போகலாம் என்று புதிதாகச் சேர்கிறவர்கள் கேட்கும்போது நான் அழகை வைத்துச் சொல்வதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் அழகில்லாத ஆறு எது? அங்கே தண்ணீர் யார் கையில் இருக்கிறது என்பதை மட்டும் பார்ப்பேன்.

முதலில் காவிரி. கனகபுரா வழியாகப் பீமேஸ்வரி, விடியலில் கிளம்பினால் டிபன் நேரத்துக்குப் போய்விடலாம். கிட்டத்தில் இருப்பதுதான் அதன் பெரிய பலம். அங்கே வரும் தண்ணீர் கே.ஆர்.எஸ்., கபினி அணைகளைத் தாண்டி வருவது. 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி தமிழ்நாட்டுக்குத் தர வேண்டிய 177.25 டி.எம்.சி. அளக்கப்படுவது மாநில எல்லையில் இருக்கும் பிலிகுண்டுலுவில், பீமேஸ்வரி அதற்கு மேலே. அதாவது கும்பகோணத்துப் பக்கம் என் மாமா காத்திருக்கும் தண்ணீர் என் படகுக்கு அடியில்தான் போகிறது. ஆடி பிறந்தால் போன் வந்துவிடும்: "கலங்கலா ஓடுதா, தெளிஞ்சு ஓடுதாடா?" கலங்கல் என்றால் அவருக்குச் சந்தோஷம். எனக்கு அந்த வாரம் பயணம் ரத்து, அந்த வேகத்தில் அங்கே படகு இறக்க விடமாட்டார்கள். கோடையில் தலைகீழ்: எனக்குக் கண்ணாடி மாதிரித் தண்ணீர், அவருக்குப் பெருமூச்சு. அந்தத் தெளிந்த தண்ணீரிலும் கொஞ்ச தூரம் போனால் படகின் அடி பாறையில் உரசும் சத்தம் பல் கூசும்.

இன்னொன்று, அது வனவிலங்குச் சரணாலயம். நினைத்த இடத்தில் படகை இறக்க முடியாது. முகாம்காரர்கள் காட்டும் எல்லைக்குள்தான். வெயில் காயும் முதலைகளைப் பார்த்தபின் அந்த எல்லையை மீற ஆசையும் வராது. உண்மையைச் சொன்னால் அந்த ஆற்றுக்குப் பரிசல்தான் பொருத்தம். முன்பக்கம் பின்பக்கம் இல்லாத வண்டி, பாறையில் இடித்தாலும் சுழன்று விலகிக்கொள்ளும். இடுப்பைச் சுற்றி ஸ்கர்ட், அதாவது படகுக்குள் தண்ணீர் புகாமல் வாயை மூடும் உறை, மாட்டி நான் கயாக்கில் உட்கார்ந்ததைப் பார்த்த பரிசல்காரர் ஒருவர், "ஆளை உள்ள வெச்சுத் தைச்சுட்டாங்களா?" என்றார்.

அந்தத் தையலைப் பிரிக்கத் தெரிய வேண்டிய இடம் காளி ஆறு. தாண்டேலிக்குப் பக்கத்தில் கணேஷ்குடி, இங்கிருந்து 450 கிலோமீட்டருக்கு மேல், ராத்திரி பஸ். மேலே 101 மீட்டர் உயர சூபா அணை. மழைக்காலத்தில் ஆறு பெருகும், கோடையில் வற்றும் என்பது நாம் படித்த பாடம். இங்கே மழைக்காலத்தில் அணை தண்ணீரைச் சேர்க்கும். கோடையில் டர்பைன் ஓட ஓட ஆறு ஓடும். மார்ச் மாதம் மற்ற ஆறெல்லாம் மணலாகக் கிடக்கும்போது காளியில் கிரேடு 3 ராபிட் (நடுத்தரக் கடுமையுள்ள, பாறைகளுக்கிடையே பாயும் வேக நீர்) நுரைத்துக்கொண்டிருப்பது அதனால்தான். பவர் ஹவுஸ் டர்பைன் ஓடாத காலையில் அதே இடம் வெறும் பாறைக் காடு. கரையில் டீ குடித்தபடி மின்சாரத் தேவை கூடட்டும் என்று வேண்டிக்கொள்ளும் ஒரே கூட்டம் நாங்களாகத்தான் இருப்போம்.

அங்கே முதல்முறை கவிழ்ந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. முதலில் மாறுவது சத்தம். மேலே இரைச்சலாக இருந்த ஆறு, தலை உள்ளே போனதும் உலையில் அரிசி கொதிப்பது போல ஆகிவிடும். மூக்கில் தண்ணீர் ஏறும், அணையின் ஆழத்திலிருந்து வருவதால் குளிர் நெற்றியில் ஆணி அடிக்கும். நீச்சல் குளத்தில் நாற்பது தடவை சரியாகப் போட்ட ரோல், கவிழ்ந்த படகை உள்ளிருந்தபடியே நிமிர்த்தும் வித்தை, அங்கே வரவில்லை. துடுப்பை எந்தப் பக்கம் நீட்டுவது என்றே தெரியவில்லை. கடைசியில் கை தானாக ஸ்கர்ட்டைக் கழற்றும் முன்பக்கக் காதைத் தேடிப் பிடித்து இழுத்தது. கால் இரண்டும் கழன்று மேலே வந்தபோது படகு எனக்கு முன்னால் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு பாறைக்குப் பின்னால், தண்ணீர் எதிர்த்துத் திரும்பி அமைதியாக நிற்குமே, அந்த எடிக்குள் நண்பன் என்னை இழுத்துப் போட்டான். "உயிரோட இருக்கியா? சரி, துடுப்பு எங்க?" என்பதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி.

மழைக்காலத்தில் காளி ஓய்ந்திருக்கும்போது குடகில் பாராபோளேவும், கேரளத்தில் கோடஞ்சேரிப் பக்கம் சாலிப்புழை, இருவஞ்சிப்புழையும் எழுந்துகொள்ளும். அவற்றுக்கு முதலாளி மழை மட்டும்தான். கயாக் போட்டியான மலபார் ரிவர் ஃபெஸ்டிவல் நடப்பதும் கோடஞ்சேரியில்தான். குட்டையான, செங்குத்தான ஆறுகள். மலையில் ஒரு மணி நேரம் கொட்டினால் கீழே ஆற்றின் முகமே மாறிவிடும். ரோல் தப்பாமல் வரும் என்ற நிலை வரும்வரை கரையில் நின்று பார்க்கலாம், அதுவே நல்ல படிப்பு. போகிறவர்களுக்கு ஒன்று: பந்திப்பூர் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். ஆபீஸ் முடித்துக் கிளம்பினால் குட்டா வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு நான் அதிகம் போவது கடலோரம். மங்களூரு சுமார் 350 கிலோமீட்டர், அங்கிருந்து வடக்கே முல்கியில் சாம்பவி ஆறு கடலில் சேரும் இடம், இன்னும் மேலே போனால் சாலிகிராமத்துப் பக்கம் சீதா ஆற்றின் அலையாத்திக் காடு. இங்கே குழாய் சந்திரன் கையில். சந்திரன் வழக்குப் போடுவதில்லை, டர்பைனை நிறுத்துவதில்லை. கடல்நீர் ஏறும் ஏற்றம் தினமும் ஐம்பது நிமிடம் போலத் தள்ளிப் போகும், அவ்வளவுதான். ஜூன் முதல் நாலு மாதம் மட்டும் முகத்துவாரத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. மீன்பிடி விசைப்படகுகளுக்கே கர்நாடகக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் தடை.

சந்திரனை ஏமாற்றவும் முடியாது. ஒரு பௌர்ணமியன்று ஏற்றத்தில் அலையாத்திக் காட்டின் குறுகிய வாய்க்காலுக்குள் நுழைந்து, வேரோடு வேராக ஒட்டியிருந்த நண்டுகளைப் பார்த்துக்கொண்டே நேரத்தை விட்டுவிட்டேன். வற்றம் தொடங்கியதும் வாய்க்கால் சேறானது. இறங்கித் தள்ளலாம் என்று கால் வைத்தால் முழங்கால் வரை போயிற்று. அடியில் சிப்பி பாதத்தைக் கிழித்தது. தண்ணீர் திரும்பி வரும்வரை படகிலேயே உட்கார்ந்து கடலை மிட்டாய் தின்றேன். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றவற்றத்தின் வீச்சு பெரிது, இழுப்பும் பெரிது. அஷ்டமியை ஒட்டி இரண்டும் சிறிது. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அஷ்டமிதான் உத்தமம்.

இடம் முடிவானால் படகும் முடிவாகிவிடும். கடலோரக் காயலுக்குக் காற்றடைக்கும் கயாக் போதும், மடித்துப் பையில் போட்டால் பஸ் டிக்கியில் போகும்; எதிர்க்காற்றில் மட்டும் பலூன் மாதிரி அலையும், சிப்பியிடமிருந்து தள்ளி வைக்க வேண்டும். காளிக்குக் கெட்டியான குட்டைப் பிளாஸ்டிக் படகு, அதை அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கொள்வது முதுகுக்கு நல்லது. நான் முதலில் வாங்கியது இரண்டுக்கும் நடுவே ஒரு பத்தடி, மேலே உட்கார்ந்து ஓட்டுவது. ராபிட்டுக்கு உதவாது, பஸ்ஸில் ஏறாது. அதனால்தான் படி வழியாகச் சுமக்கிறேன்.

இந்தக் கடலோரக் கணக்குக்கெல்லாம் எங்கள் வீட்டு அட்டவணை, அல்சூரில் வாங்கிய தமிழ் தினசரி காலண்டர். மணிக்கணக்கு போனில் பார்த்துக்கொள்ளலாம், வாரத்தை முடிவு செய்யத் திதி போதும். மாதக்கணக்கில் தாளைப் புரட்டிப் பார்க்கும் பிள்ளைக்குப் பக்தி வந்துவிட்டது என்று அம்மா கொஞ்ச நாள் நம்பியிருந்தாள். இந்தச் சனிக்கிழமை அஷ்டமி, இரண்டு புது ஆட்கள் வருகிறார்கள் என்றதும் விஷயம் புரிந்துவிட்டது.

"அஷ்டமி நவமியில யாராவது ஊருக்குக் கிளம்புவாங்களாடா?"

"அன்னைக்குத்தாம்மா தண்ணி சாதுவா இருக்கும்."

காலண்டரை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பதே கால் வரைக்கும் சப்தமி இருக்கு. அதுக்குள்ள அந்தப் படகத் தூக்கிட்டு வாசப்படி தாண்டிடு."