ஆதாரில் முகவரி மாற்ற பாஸ்போர்ட் சைஸ் போட்டோ கேட்கிறார்களா? எழுந்து வந்துவிடுங்கள்

வாடகை வீடு மாறியிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு பிரவுசிங் சென்டர் பக்கம் போங்கள். நான் கொடுத்த 600 ரூபாய் போனால் போகட்டும். என் பெயரில், என் புகைப்படத்தோடு, நான் முகம்கூடப் பார்த்திராத ஓர் அரசு மருத்துவரின் கையெழுத்தும் முத்திரையும் போட்ட போலிச் சான்றிதழ் ஒன்று அரசாங்கக் கணினிக்குள் போய்விட்டது. என் கோபம் அதற்குத்தான்.

திருநெல்வேலியிலிருந்து கோவைக்குக் குடிவந்தோம். மின் இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தமும் கேஸ் இணைப்பும் கணவர் பெயரில். பதிவு செய்த அந்த ஒப்பந்தத்தைக் காட்டி அவர் தம்முடைய ஆதாரில் முகவரியை மாற்றிக்கொண்டார். என் பெயரில் இந்த ஊரில் ஒரு துண்டுச்சீட்டு கிடையாது. வங்கிக்குப் போனால் ஆதாரில் மாற்றிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். ஆதாருக்குப் போனால், புது முகவரி போட்ட வங்கிப் புத்தகம் இருக்கிறதா என்றார்கள். வீட்டைக் கவனித்துக்கொள்ளும் பெண்களுக்கும் பிள்ளைகளோடு வந்து தங்கும் முதியவர்களுக்கும் பெரும்பாலும் இதே கதிதான். இந்த இடுக்கில்தான் அந்தக் கடைக்காரர்கள் பிழைக்கிறார்கள்.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த கடை. ஆதார், பான், பாஸ்போர்ட், பட்டா என்று மூவர்ணத்தில் பெரிய பலகை. அரசு இ-சேவை மையம் என்று நினைத்து ஏறுகிறவர்கள்தான் அதிகம். கடைக்காரரும் இல்லை என்று சொல்வதில்லை. “ஆவணமே வேண்டாம் அக்கா, நாங்கள் போட்டுத் தருகிறோம். ஒரு போட்டோ மட்டும் கொடுங்கள்” என்றார். திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, “ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்லுங்கள்” என்றார். ரசீது கேட்டதற்கு, கையால் ‘ஆதார் - 600’ என்று எழுதிய சீட்டு ஒன்று வந்தது. அரசாங்கக் கட்டணம் என்ன தெரியுமா? 75 ரூபாய். 2025 அக்டோபருக்கு முன்பு 50 ஆக இருந்தது.

கோரிக்கை நிராகரிக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. போய்க் கேட்டால், சர்வர் கோளாறாம். இன்னும் 300 ரூபாய் கொடுத்தால் மறுபடியும் போடலாமாம். வீட்டில் என் எண்ணை வைத்து ஆதார் ஆணையத்தின் மைஆதார் இணையதளத்தில் நுழைந்து ஒப்புகைச் சீட்டை இறக்கிப் பார்த்தோம். இணைத்த ஆவணம் என்ற இடத்தில், அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி (கெசட்டட் ஆபீசர்) கொடுத்த சான்றிதழ் என்று இருந்தது. எந்த அதிகாரி?

மறுநாள் கணவரோடு போனேன். முதலாளி டீ குடிக்கப் போயிருந்தார். வேலைக்கு இருந்த பையன், தாங்கள் சரியாகத்தான் போட்டோம் என்று காட்டுவதற்காகக் கோப்பைத் திறந்தான். ஆதார் ஆணையத்தின் மாதிரிப் படிவம். மூலையில் என் போட்டோ, அதன் மேல் பாதி ஏறிய வட்ட முத்திரை, பச்சை மையில் கையெழுத்து. முத்திரையில் மருத்துவமனையின் பெயரில் ஓர் எழுத்தே விடுபட்டிருந்தது. பையன் அடுத்தடுத்த கோப்புகளையும் தட்டினான். வேறு வேறு முகங்கள், வேறு வேறு முகவரிகள். ஆனால் முத்திரை எல்லாவற்றிலும் ஒரே சாய்வு, ஒரே இடத்தில் மை மங்கல். போட்டோ எதற்கு என்பது அப்போதுதான் விளங்கியது. இணையத்தில் முகவரி மாற்றுவதற்குத் தனியாகப் போட்டோ தேவையே இல்லை. இந்தச் சான்றிதழில் ஒட்டுவதற்குத்தான் அது தேவை.

அதே கணினியில் இன்னொன்றும் பார்த்தேன். டவுன்லோட்ஸ் பகுதி முழுக்க வாடிக்கையாளர்களின் இ-ஆதார், அதாவது இணையத்தில் இறக்கும் ஆதார் அட்டைக் கோப்புகள். ஓ.டி.பி. சொல்லி உள்ளே விட்டவுடன் நம் ஆதாரையும் இறக்கிக்கொள்கிறார்கள், பிறகு அழிப்பதில்லை. கடவுச்சொல் போட்டுப் பூட்டித்தானே இருக்கும் என்று ஆறுதல் அடைய வேண்டாம். நம் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த ஆண்டும்தான் அந்தக் கடவுச்சொல். வாசலிலேயே சாவியைத் தொங்கவிட்ட வீடு அது.

இத்தனைக்கும் என்னைப் போன்றவர்களுக்கு நேர்வழி ஒன்று 2023 ஜனவரியிலிருந்தே இருக்கிறது. குடும்பத் தலைவர் வழியாக முகவரி மாற்றுவது என்று அதற்குப் பெயர். கணவர், பெற்றோர் என்று யாராவது ஒருவரின் ஆதாரில் புது முகவரி இருந்தால் போதும். நம் கணக்கில் நுழைந்து அவருடைய ஆதார் எண்ணைக் கொடுக்கலாம். உறவைக் காட்ட ரேஷன் அட்டையோ திருமணச் சான்றிதழோ போதும். அதுவும் இல்லையென்றால், குடும்பத் தலைவரின் உறுதிமொழியை ஆணையத்தின் படிவத்தில் எழுதி இணைக்கலாம். கட்டணம் அதே 75 ரூபாய். பிறகு குடும்பத் தலைவருக்குச் செய்தி போகும். அவர் 30 நாளுக்குள் தம் கணக்கில் நுழைந்து ஒப்புதல் தர வேண்டும். மறந்தால் கோரிக்கை முடிந்துவிடும், பணமும் திரும்பாது. எனக்கு இந்த வழியில்தான் முகவரி மாறியது. இணையம் பழகாதவர்கள் தபால் நிலையத்திலோ தாலுகா அலுவலகத்திலோ இருக்கும் ஆதார் மையத்துக்கு நேரில் போகலாம். கூட்டம் இருக்கும், டோக்கன் தீர்ந்துவிட்டது என்பார்கள், எரிச்சலாக வரும். போலி முத்திரை மட்டும் விழாது.

கடைக்காரர் இந்த வழியை ஏன் சொல்லவில்லை? தெரியாமல் இல்லை. இதில் அவருக்கு 600 ரூபாய் வாங்க இடமில்லை.

போலி ஆவணத்தை உண்மையானது என்று காட்டிப் பயன்படுத்துவது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின்படி குற்றம். விசாரணை என்று வந்தால் முதலில் கேட்கப்படுவது கடைக்காரரின் பெயரல்ல, விண்ணப்பதாரரின் பெயர்தான். அதனால் திரையைச் செல்போனில் எடுத்த படங்களோடு காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி வைத்திருக்கிறேன். ஆதார் உதவி எண் 1947-இலும் பதிவு செய்தேன். வேறு யாரும் பயன்படுத்த முடியாதபடி ஆதாரில் என் கைரேகையைப் பூட்டிவிட்டேன், மைஆதார் தளத்திலேயே செய்யலாம், தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம். என் ஆதார் எங்கெல்லாம் சரிபார்க்கப்பட்டிருக்கிறது என்ற வரலாற்றையும் அங்கேயே பார்த்தேன். தெரியாத பெயர் எதுவும் இல்லை.

கடைக்காரர் போன் செய்தார். “பணத்தைத் திருப்பித் தருகிறேன், புகாரை வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள் அக்கா. தொழில் போய்விடும்” என்றார். வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

இதுபோன்ற கடையில் போட்டோ கொடுத்து முகவரி மாற்றியவர்கள், வேலை நல்லபடியாக முடிந்திருந்தாலும், உங்கள் கணக்கில் நுழைந்து அந்தக் கோரிக்கையின் ஒப்புகைச் சீட்டை இறக்கிப் பாருங்கள். ஆவணம் என்ற இடத்தில் நீங்கள் கொடுக்காத எதுவும் இருந்தால், அந்தச் சீட்டை அச்செடுத்துக்கொண்டு நீங்களே முதலில் புகார் கொடுத்துவிடுங்கள்.