ஆளுகளை வெச்சு வேலை வாங்க ரெண்டு நாள் கிளாஸ், 4,500 ரூபா: போலாமா?

திருப்பூர்ல பவர்டேபிள் (கரண்டுல ஓடற தையல் மிஷின்) வெச்சு மத்த கம்பெனிகளுக்கு கூலிக்கு தெச்சு குடுக்கற ஜாப் ஒர்க் பண்றேனுங்க, கைமடி (டெய்லருக்கு துணிய மடிச்சு குடுக்கற வேலை) ஆளுல இருந்து அயர்னிங் வரைக்கும் 24 பேரு. ஓவர்லாக் மிஷின் நின்னுபோனா பிரிச்சு மாட்டத் தெரியும், டெய்லர் கோவிச்சுட்டு நின்னா என்ன பண்றதுன்னுதான் தெரியாது, அதான் சின்ன முதலாளிகளுக்குன்னு ஒரு டிரெயினிங் சென்டர்ல ரெண்டு நாள் கிளாஸ் போட்டாங்கன்னு பணத்த கட்டிட்டேன் (பேரு வேண்டாம் விடுங்க).

முதல் நாள் காலைல பூரா தியரி. மனுசனோட தேவைய, சோறு தண்ணியில ஆரம்பிச்சு அஞ்சு படியா 1943ல மாஸ்லோன்னு ஒரு அமெரிக்க சைக்காலஜிஸ்ட் சொன்னாராம். எங்கூர்ல சனிக்கிழமை சம்பளம் லேட்டானா முதல் படியிலயே எறங்கி எதுத்த கம்பெனிக்கு போயிருவாங்க சார்னேன், கிளாஸ் எடுத்தவரும் சிரிச்சுட்டு அடுத்த ஸ்லைடுக்கு போயிட்டாரு.

மத்தியானம் சட்டம், இதுல காசு வசூலாயிருச்சு. 10 பேருன்னா இஎஸ்ஐ, 20 பேருன்னா பிஎஃப், இதெல்லாம் ஆடிட்டர் சொல்லி தெரியும், ஆனா ஒருதடவ பிஎஃப்க்குள்ள வந்துட்டா அப்புறம் ஆள் 20க்கு கீழ குறைஞ்சாலும் வெளிய வர முடியாதுங்கறது எனக்கு புதுசு. கிராஜுவிட்டி (வேலைய விட்டு போறப்ப சர்வீஸுக்கு குடுக்கற பணம்) கணக்கும் போர்டுலயே போட்டு காட்டுனாரு, கடைசி மாச சம்பளத்த 26ஆல வகுத்து 15ஆல பெருக்கணும், 13,000 வாங்குறவருக்கு சர்வீஸ் வருஷத்துக்கு 7,500. பீஸ் ரேட் ஆளுக்கு (தெச்ச பீஸுக்கு இவ்வளவுன்னு கூலி வாங்கறவருக்கு) கடைசி 3 மாச சராசரிய வெச்சு கணக்கு.

கடுப்பு எங்கன்னா, 2025 நவம்பர் 21லயே புது லேபர் கோடு (பழைய தொழிலாளர் சட்டங்கள சேத்து போட்ட சட்டம்) நாலும் அமலுக்கு வந்துருச்சு, இவுங்க குடுத்த புக்குல பழைய சட்டம் மட்டும்தான், எல்லாருக்கும் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் குடுக்கணும், வேலைய விட்டு போனா ரெண்டு வேலை நாளுக்குள்ள கணக்கு முடிக்கணும் இதுல ஒண்ணு கூட இல்ல. கேட்டா வாட்ஸப்ல அனுப்பறோம்னாங்க, மூணு வாரமாச்சு.

ரெண்டாவது நாள்தான் மேட்டரே. எங்களையே ஆளுக்கு ஒரு வேஷம் போட்டு நடிக்க விட்டாங்க. நான் டெய்லர், ஒரு பிரிண்டிங் யூனிட்காரரு முதலாளி. தப்பா தெச்ச பீஸ எல்லாத்துக்கும் முன்னால தூக்கி காட்டி "கண்ணு தெரியலியா உனக்கு"ன்னு ஒரு சத்தம் போட்டாரு பாருங்க, நடிப்புன்னு தெரிஞ்சும் எனக்கு காதெல்லாம் சூடாயிருச்சு, ஏன்னா அதே வார்த்தைய போன வாரம்தான் எங்க செக்கிங் அக்காவ பாத்து நான் சொல்லியிருந்தேன். அப்புறம் அதையே தனியா கூப்புட்டு, எந்த பீஸு, என்ன தப்பு, நூல் பிரச்சனையா மிஷின் பிரச்சனையான்னு கேட்டு பேசச் சொன்னாங்க, அது சத்தம் போடறத விட கஷ்டமுங்க, ரெண்டு தடவ சொதப்புனேன்.

சாப்பாடு சுமார், பார்க்கிங் சுத்தமா இல்ல. 5க்கு 3.5 குடுப்பேன். ரெண்டாவது நாள் மட்டும் தனியா சேத்துக்குவாங்களான்னு கேட்டு பாருங்க, முழுசா போறதுன்னா புது கோடு போட்ட புக்க கண்ணுல பாத்துட்டு பணம் கட்டுங்க.